ஏழாம் பக்கம்

அனல்நகருக்குள் கார் நுழைந்ததும் பொற்கொடியின் கண்ணில் முதலில் பட்டவை கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகள். வெள்ளை வேட்டி வெள்ளையாகவே காய்ந்தது. அவள் பிறந்து வளர்ந்த நாட்களில் இந்த ஊரில் வெள்ளைத் துணி என்று ஒன்று கிடையாது. காலையில் காயப்போட்டதைச் சாயங்காலம் எடுக்கப் போனால் மிளகுப்பொடி தூவியது போலக் கரித்தூள் ஒட்டியிருக்கும். அம்மா ஒவ்வொன்றாக உதறி மடிப்பாள். "உங்கப்பா துணிக்குத் துணி வந்து உக்காந்துகிறாரு பாரு," என்று சிரிப்பாள். அப்பா இராசமாணிக்கம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை முப்பத்து மூன்று வருடம் ஓட்டியவர்.

"இங்க ரொம்பப் பேரு இல்லீங்க மேடம்," என்றார் டிரைவர். "பஸ் ஸ்டாண்டு ஓரமா நானூறு குடும்பம் இருந்தா அதிகம்."

பொற்கொடி சன்னல் வழியே பார்த்தாள். ஒரே மாதிரி கட்டிய ஓட்டு வீடுகள் வரிசை வரிசையாகக் கதவில்லாமல் நின்றன. ஒவ்வொரு வரிசையையும் தாண்டும்போது அவள் மனதில் ஒரு பெயர் வந்து போனது. பாய்லர் செக்‌ஷன் மேத்யூ சார் வீடு. ரசூல் பாய் வீடு. ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கக் கேட்கும்படி வீணை வாசித்த கணக்கு டீச்சர் வீடு. ஆறு மணி, இரண்டு மணி, பத்து மணி என்று மூன்று முறை சங்கு ஊதும். ஊர் அதை வைத்துத்தான் சாப்பிட்டது, தூங்கியது. சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வாய்க்காலில் வெதுவெதுப்பாக ஓடும். மார்கழியில் பிள்ளைகள் அதைவிட்டு ஏற மாட்டார்கள். ஆயுதபூஜை அன்று மட்டும் குடும்பங்களைச் சுரங்கத்துக்குள் விடுவார்கள். பத்து மாடி உயர இயந்திரத்துக்கு மாலை போட்டுச் சந்தனம் பூசியிருப்பார்கள். அப்பா அதன் கீழே நின்று, சொந்த மாட்டைக் காட்டுகிறவர் போல, "கிட்ட வா, ஒண்ணும் பண்ணாது," என்பார்.

சுற்றுவட்டாரம் முழுக்க மின்வெட்டு இருந்த காலத்திலும் இந்த ஊரில் விளக்கு அணைந்ததில்லை. நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிற ஊர் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது.

அந்த ஊரை மூடச் சொன்ன கோப்பை எழுதியவள் பொற்கொடி.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவள் டில்லியில் இணைச் செயலாளராக இருந்தாள். வெப்பம் கூடிக்கொண்டே போனது. முப்பது அனல்மின் நிலையங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிறுத்துவதாக நாடு உலகத்தின் முன் வாக்குக் கொடுத்திருந்தது. மறுபக்கம், ஆலைகளுக்கு மின்சாரம் குறைந்தால் வளர்ச்சி படுத்துவிடும், வேலை போய்விடும் என்று தொழில்துறை கத்தியது. எதை முதலில் மூடுவது, எவ்வளவு வேகமாக மூடுவது என்று முடிவுசெய்த குழுவின் கோப்பு அவள் கையில்தான் இருந்தது. பட்டியலின் தலையில் இருந்தது அனல்நகர். பழைய நிலையம், அதிகப் புகை, மட்டமான கரி. இரண்டே வருடத்தில் மூடினார்கள். நாடு தன் இலக்கைத் தொட்டது. வளர்ச்சியும் இரண்டு வருடம் தடுமாறி, பிறகு எழுந்தது. பாராட்டு விழாவில் பொற்கொடிக்குச் சால்வை போட்டார்கள்.

இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு வயது. சுண்ணமேடு என்ற சிமெண்ட் ஊரை மூடுவதற்கு அரசு புதிய மசோதா கொண்டுவருகிறது. அதற்கு முன் அனல்நகரில் நடந்ததை ஆராய ஒரு விசாரணைக் குழு போட்டிருந்தார்கள். அந்தக் குழுதான் அவளை அழைத்திருந்தது. இன்னொருவரையும் அழைத்திருப்பதாகக் கடிதத்தில் இருந்தது. அந்தப் பெயரைப் படித்த பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

பழைய ஊழியர் மன்றத்தின் கேரம் ஹாலில் கணினித் திரைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு ஆள் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தாலும் நிற்கிற தோரணை அப்பாவுடையது.

"வாங்க மேடம்," என்றான்.

அவள் தம்பி அறிவழகன், சுரங்கத்துத் தொழிற்சங்கத்தில் இருந்தவன். பத்தொன்பது வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. கடைசியாகப் பேசியது அப்பாவின் சாவில். அன்றைக்கும் அவன் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டான்.

"எப்படிடா இருக்க?"

"இருக்கறேன். ஐயா காத்திருக்காரு, போங்க."

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி வேதரத்தினம். மேஜைக்கு அந்தப் பக்கம் மடிக்கணினியோடு முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா, குழுவின் கணினி இயந்திரத்தை இயக்குகிறவள் என்று நீதிபதி அறிமுகப்படுத்தினார். அந்த இயந்திரத்துக்கு மறுவழி என்று பெயர்.

"இது என்ன பண்ணும்மா?" என்று கேட்டாள் பொற்கொடி.

"நாட்டுல அம்பது வருஷமா சேர்ந்த பதிவு எல்லாம் இதுக்குள்ள இருக்கு மேடம். மழை, ரேஷன், கரண்ட், பள்ளிக்கூடத்துல சேர்ந்த பிள்ளைங்க, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, எல்லாம். பழைய காலத்துல ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்னிக்கு எடுத்த ஒரே ஒரு முடிவை மட்டும் மாத்துவோம். மத்ததை அப்படியே விட்டு, அங்கேருந்து நடக்கவிடுவோம். வேற எங்க போய் நிக்குதுன்னு காட்டும்."

"அது சொல்றது நிஜம்னு எப்படித் தெரியும்?" என்றான் அறிவழகன்.

"நிஜமா நடந்த வழியை மறைச்சு வெச்சுட்டு, அதையே கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்ப்போம் சார். பத்துக்கு ஒன்பது தடவை கிட்டத்துல வந்துடுது. ஆனா ஒண்ணு. யாரு என்ன நெனச்சாங்க, யாரு அழுதாங்க, அதெல்லாம் இதுக்குத் தெரியாது."

அவள் முதல் திரையை உயிர்ப்பித்தாள். மேலிருந்து பார்க்கிற அனல்நகர். மூடுகிற ஆணைக்கு முந்தைய வருடம், ஒரு சாயங்காலம் ஆறரை மணி. எந்த வீட்டில் மின்சாரம் ஓடுகிறதோ அந்த வீடு மஞ்சள் புள்ளியாகத் தெரியும் என்றாள். ஊர் முழுக்க ஒரே மஞ்சள். அந்தப் புள்ளிகளுக்குள் இருந்த இட்லிப் பானையும் டி.வி. சத்தமும் வீட்டுப்பாடமும் பொற்கொடிக்குத் தெரியும்.

"இது நிஜமா நடந்த வழி," என்று ஜெசிந்தா காலத்தை ஓடவிட்டாள். மாதத்துக்கு மாதம் புள்ளிகள் அவிந்தன. முதலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்த மேற்குப் பக்கம். பிறகு கடைத்தெரு. மூன்றாம் வருடம் பள்ளிக்கூடம். ஏழாம் வருடத்தில் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. அறிவழகன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டாவது வழி. அனல்நகரோட சேர்த்து முப்பது நிலையத்தையும் பத்து வருஷம் கழிச்சு மூடினா."

இந்த முறை புள்ளிகள் அப்படியே இருந்தன. அறிவழகனின் முகம் மலர்ந்தது. ஆனால் ஒன்பதாம் வருடம் வந்தபோது ஜெசிந்தா பக்கத்துத் திரையைக் காட்டினாள். வெயில் கூடிக் கூடி, டெல்டாவில் வரிசையாக மூன்று குறுவை பொய்த்தது. சித்திரை வெயிலில் வயலில் விழுந்து செத்தவர்களின் எண்ணிக்கை, நடந்த வழியில் இருந்ததைப்போல நான்கு மடங்கு. வாக்குத் தவறிய நாட்டின் சரக்கை வெளிநாடுகள் வாங்க மறுத்தன. கடைசியில் நிலையத்தை ஆறே மாதத்தில் அவசரமாக மூடினார்கள். அனல்நகர் மொத்தமாக இருண்டது. பஸ் ஸ்டாண்டு ஓரமும் சேர்ந்து.

அறிவழகன் திரையிலிருந்து திரும்பினான். பிறகு, "அப்போ மூடினது சரின்னு ஆயிடுச்சு. நாங்கதான் தப்பு. அதைச் சொல்றதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" என்றான்.

"இல்ல சார், மூணாவது ஒண்ணு இருக்கு. அது பழைய கோப்புலேருந்து எடுத்தது. பொற்கொடி மேடம் எழுதினது."

பொற்கொடி நிமிர்ந்தாள்.

"கோப்போட முதல் வரைவுல ஏழாம் பக்கம்னு ஒண்ணு இருந்திருக்கு. அனல்நகர்ல முதல்ல சோலார் கரண்டைச் சேமிக்கிற மின்கலத் தொழிற்சாலையைக் கட்டி, அதுல சுரங்கத்து ஆளுங்களை ஒப்பந்தக்காரங்க உள்பட சேர்த்துட்டு, அப்புறம் நிலையத்தை மூடணும். ஒன்றரை வருஷம் தள்ளிப் போகும். கடைசிக் கோப்புல அந்தப் பக்கம் இல்ல. நான் அதை வெச்சு ஓட்டிப் பார்த்தேன்."

திரையில் புள்ளிகள் கொஞ்சம் குறைந்தன. மேற்குப் பக்கம் ஒரு வருடம் மங்கியது. பிறகு புள்ளிகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பள்ளிக்கூடம் அணையவேயில்லை. ஒன்றரை வருடம் கூடுதலாகப் போன புகையை, அங்கே செய்த மின்கலங்களே நாலு வருடத்தில் ஈடுகட்டிவிட்டன. டெல்டாவின் சாவுகள் கூடவில்லை. இருபது வருடம் கழித்தும் அனல்நகர் மஞ்சளாகவே இருந்தது.

"நாலாவது தெரு கடைசி வீடு எரியுது," என்றாள் பொற்கொடி தன்னையறியாமல். "அது எங்க வீடு. யாரு இருக்காங்க?"

"யாருன்னு சொல்லாது மேடம். கரண்ட் ஓடுது, அவ்வளவுதான்."

அறிவழகன் எழுந்து நின்றுவிட்டான். "இதை நீ எழுதினியா?" மேடம் என்ற சொல் போயிருந்தது.

"எழுதினேன்டா. செயலாளர் எடுக்கச் சொல்லிட்டாரு. அந்தாளுக்கு இலக்கு ஒண்ணுதான் கண்ணு. ஒன்றரை வருஷம் தாமதம்னா ஒத்துக்கவே மாட்டாரு."

இருபத்தாறு வருடமாக அவள் தனக்கே சொல்லிவந்தது அது. அந்தச் செயலாளர் இறந்தபோது இரங்கல் கூட்டத்துக்குக்கூட அவள் போகவில்லை.

ஜெசிந்தா நீதிபதியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"மேடம், கோப்புல யாரு எப்போ எதை மாத்தினாங்கன்னு பதிவாகியிருக்கு," என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏழாம் பக்கத்து ஓரத்துல செயலாளர் எழுதினது இருக்கு. வாசிக்கட்டுமா? 'நல்ல யோசனை. தாமதத்துக்குப் பதில் சொல்ல முடியுமானால் சேர்க்கலாம். வந்து பேசுங்கள்.' இது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில அந்தப் பக்கத்தை எடுத்திருக்கறது உங்க கம்ப்யூட்டர் கணக்குலேருந்து. நடுவுல நீங்க அவரைப் பார்த்த மாதிரி தெரியல."



பொற்கொடி மறுக்க வாய் திறந்தாள். அப்போதுதான் அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. டில்லி அலுவலகத்தின் லிஃப்ட். கூட வேலை பார்த்த ஒருவர் காபிக் கோப்பையோடு ஏறினார். 'என்ன மேடம், முப்பது ஊர்ல உங்க ஊருக்கு மட்டும் தனிப் பக்கமா? தம்பி அங்க யூனியன்ல இருக்காராமே?' என்று விளையாட்டாகத்தான் கேட்டார். லிஃப்டில் இருந்த நால்வரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதல் வேலையாக அந்தப் பக்கத்தை எடுத்தாள். சொந்த ஊருக்காகக் கோப்பை வளைத்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் இருபது வருட நல்ல பெயர் போய்விடும். அன்றைக்கு அது நேர்மை என்றே அவளுக்குப் பட்டது. பிறகு அனல்நகர் சிதறியபோது, யார் எடுத்தது என்ற ஞாபகம் எப்படியோ இடம் மாறிச் செயலாளர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

"நான்தான் எடுத்தேன்," என்றாள். குரல் மிகச் சன்னமாக வந்தது. "யாரும் எடுக்கச் சொல்லல. நானேதான்."

அறிவழகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

நீதிபதி, "ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா, அப்புறம் பதிவு பண்ணிக்கலாம்," என்றார்.

மன்றத்தின் பின்பக்கம் பழைய திறந்தவெளி சினிமாத் திடல். சனிக்கிழமை தோறும் குடும்பம் குடும்பமாகப் பாயும் சொம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த இடம். படிக்கட்டில் அறிவழகன் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"ஆணை வர்றதுக்கு முந்தி நீ போன் பண்ணினே," என்றான் அவன். "நான் கேட்டேன், மூடப் போறாங்களாமேக்கா, ஊரு என்னாவறதுன்னு. நீ என்ன சொன்னே?"

"பயப்படாத, பார்த்துக்கறேன்னு சொன்னேன்."

"அன்னிக்கு ஏழாம் பக்கம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆபீஸ் விஷயம், வெளிய சொல்ல முடியாது. அதான் அவ்வளவோட நிறுத்திக்கிட்டேன்."

"நான் அதைக் கொண்டுபோய் கேட்ல நின்னு ஆறாயிரம் பேருகிட்ட சொன்னேன். எங்கக்கா டில்லியில இருக்கு, வேற வேலை குடுக்காம நம்மள விடாதுன்னு. வேலைநிறுத்தம் வேணாம்னு அடக்கினதே நான்தான்." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "ஆணை வந்த அன்னிக்கு யாரும் அடிக்கல, திட்டல. செங்கேணி இருந்தான் பாரு, கன்வேயர்ல ஒப்பந்தத்துல இருந்தவன், அவன் மட்டும் வந்து, 'ஏம்பா, பொய்யின்னு தெரிஞ்சேவா சொன்னே?'ன்னு கேட்டான். அப்புறம் குடும்பத்தோட எங்கியோ சாயப்பட்டறைக்குப் போனான். அங்கியே நெஞ்சு கெட்டுச் செத்துட்டான். நான் பொய் சொன்னவன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டான்."

பொற்கொடியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உன்கிட்ட மன்னிப்பு கேக்கறதுக்கு எனக்கு வாய் வரலடா."

"கேக்காத." கையிலிருந்த டீயை அவன் குடிக்கவே இல்லை. "நீ எடுத்தது தப்புதான். அதை நான் மறக்க மாட்டேன். ஆனா எழுதியிருக்கே. அன்னிக்கு நான் கேட்ல நின்னு பேசறப்போ அது கோப்புல இருந்திருக்கு. அப்போ நான் சொன்னது பொய்யில்ல, இல்லியாக்கா?"

"பொய்யில்லடா."

அவன் தோள் குலுங்கியது. அறுபத்து நாலு வயது மனிதன் திடலைப் பார்த்துக்கொண்டு அழுதான். அவள் கையை நீட்டி அவன் முதுகில் வைத்தாள். அவன் விலகவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாமல் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

உள்ளே போனதும் பொற்கொடி லிஃப்டில் நடந்தது உட்பட எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செயலாளர் தடுத்திருந்தா, கெட்ட அதிகாரி ஒருத்தர்னு முடிச்சிருப்போம்," என்றார். "இது வேற மாதிரி. ஊரைத் தெரிஞ்ச ஒரே ஆள், ஊரைத் தெரியுங்கறதாலயே வாயை மூடிக்கிட்டாங்க. இதுக்கு விதியில என்ன மருந்து வைக்கறதுன்னு யோசிக்கணும்." பிறகு மேஜை மேலிருந்த, அதே குழு தயாரித்த சுண்ணமேட்டு அறிக்கையைப் பொற்கொடியிடம் தள்ளினார். "இதையும் ஒரு பார்வை பாருங்கம்மா. நாளைக்கு அரசுக்குப் போகுது."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். பழைய பழக்கம், விரல் தானாக ஓரங்களைத் தேடியது. உடனே மூடினால் என்ன ஆகும் என்று ஒரு பகுதி. பத்து வருடம் கழித்து மூடினால் என்ன ஆகும் என்று இன்னொரு பகுதி. அதோடு முடிந்தது.

"அனல்நகருக்கு மூணு வழி காட்டினியேம்மா," என்றாள் ஜெசிந்தாவிடம். வேறு எந்த எண்ணமும் இல்லாமல்தான் கேட்டாள். "சுண்ணமேட்டுக்கு ரெண்டுதானா? முதல்ல வேலை, அப்புறம் மூடறதுன்னு ஓட்டிப் பார்க்கலியா?"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். மடிக்கணினியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது.

"ஜெசிந்தா?" என்றார் நீதிபதி.

"ஓட்டினேன் ஐயா. போன மாசமே." அவள் அறிக்கையைப் பார்த்தே பேசினாள். "நல்லா வந்துச்சு. அனல்நகரைவிட நல்லா. பதினாலு மாசம்தான் தள்ளிப் போகுது. நேத்து மத்தியானம் வரைக்கும் அறிக்கையில இருந்துச்சு."

"அப்புறம்?"

"நான் எடுத்துட்டேன்."

"ஏம்மா?"

"எங்கப்பா அங்கதான் ஐயா சூளையில வேலை பாக்கறாரு. தம்பி லோடு அடிக்கறான். நான் பொறந்த ஊரே அது. யாருக்கும் சொன்னதில்ல. தெரிஞ்சா இயந்திரத்தையே நம்ப மாட்டாங்கன்னு…" மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினாள்.

அறிவழகன்தான் முதலில் அசைந்தான். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். "அந்த ஊர்ல கேட்ல நின்னு இப்போ ஒருத்தன் பேசிக்கிட்டிருப்பாம்மா," என்றான். "அவனுக்காகவாவது அந்தப் பகுதியைத் திருப்பிச் சேர்த்து வை."

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு நீதிபதியைப் பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்து, புதிய தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

"என் பேரு ஜெசிந்தா, சொந்த ஊரு சுண்ணமேடு," என்று தொடங்கினாள் அவள். "அதை முதல் வரியா எழுதிக்குங்க ஐயா. அப்புறம் மத்ததைச் சொல்றேன்."